டிவியோடு பேசும் அக்கா

"தலையைத் துவட்டுப்பா. சளி பிடிக்கப் போவுது."

ஆனந்தவல்லி டிவியைப் பார்த்துத்தான் சொன்னாள். வெளியே புனே மழை கொட்டியது. திரையில் செய்தி வாசித்தவனோ கோட்டும் டையுமாக, ஒரு சொட்டு நனையாமல் இருந்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த கோகுல்நாத் அதைக் குறித்துக்கொண்டான். 'பாவம், முற்றிவிட்டது' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டதை மட்டும் எழுதவில்லை.

மக்கள் செய்திகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் அவனுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. புனேயின் வானவடி பகுதியில் இருந்த அவள் வீட்டுக்கு வந்த முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டான்.

"நான் இங்க இல்லைன்னே நெனச்சுக்கோங்க்கா. எங்கூடப் பேசக் கூடாதுங்க, நானும் பேச மாட்டேனுங்க. காபிகூட வேண்டாம். இல்லாட்டி ஆராய்ச்சியே கெட்டுப்போயிருமுங்க."

ஆனந்தவல்லியின் கணவருக்கு ராணுவத்தில் வேலை, எல்லையில் போஸ்டிங். மகள் கனடாவில். வீட்டில் டிவியை விட்டால் ஆளில்லை.

அதற்காக இப்படியா?

"கண்ணெல்லாம் செவந்திருக்கே, தூங்கலையா?"

"மெஸ் சாப்பாடு ஒத்துக்கலையா? இளைச்சுப் போயிட்டியே."

"அம்மாவுக்கு போன் பண்ணினியா?"

செய்தியில் எங்கோ வெள்ளம், எங்கோ தேர்தல். அவள் காதில் ஒன்றும் ஏறியதாகத் தெரியவில்லை.

கைடு ராஜஸ்ரீ மேடத்துக்கு ஏகக் குஷி. "தனிமையில் இருப்பவர்கள் செய்தி வாசிப்பவரையே உறவாக்கிக்கொள்கிறார்கள்! இதையே முக்கிய அத்தியாயமாக வை" என்றார்.

கராடி பகுதியில் தன் ஒற்றை அறையில் உட்கார்ந்து கோகுல்நாத் அதை எழுதி முடித்தான். புனேவுக்கு வந்து ஒரு வருஷம். அவனோடு தமிழில் நாலு வார்த்தை பேச நாதியில்லை. வாரம் ஒருமுறை அந்த வீட்டில் காதில் விழுவதுதான். அதுவும் யாருக்கோ சொல்வது.

கடைசி நாள். இனி அவன் கேள்வி கேட்கலாம்.

"அந்தச் செய்தி வாசிக்கிறவர்மேல எப்படிங்க்கா இத்தனை பாசம்?"

"எவன்மேல?"

"நான் வந்த நாளெல்லாம் அவர்கிட்டதானுங்களே பேசிட்டு இருந்தீங்க?"

ஆனந்தவல்லி டிவியை அணைத்துவிட்டு, முதல் முறையாக அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவன் பேருகூட எனக்குத் தெரியாதுப்பா. உன்கிட்ட பேசினா உன் படிப்பு கெட்டுடும்னு சொன்னியே, அதான் அவனைப் பார்த்து உன்னைக் கேட்டேன். இப்பவாவது வாயைத் திறந்து சொல்லு, சாப்பிட்டியா?"