யோன்ஸின் முத்திரை

"ஹால்வார் அண்ணன் பட்டறையில ஏன் புகையே காணோம்?"

கோடை முழுவதும் மலை மேய்ச்சலில் இருந்துவிட்டு, மாடுகளோடு அன்று மதியம்தான் இறங்கி வந்திருந்தாள் மாரிட். தலைத்துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"அவன் ஊரை விட்டே போயிட்டான். அமெரிக்காவுக்கு" என்றான் அவள் கணவன் யோன்ஸ். காபியை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் அதைத் தொடவில்லை. என்ன நடந்தது என்று கேட்டாள்.

அவள் மலைக்குப் போன மறு வாரம் ஃபாலுன் நகரத்து வியாபாரி லுண்ட்பெரி வந்தாராம். நீ செய்த கத்திகளிலேயே இதுதான் உசத்தி என்று ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாராம். இதே மாதிரி எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். அலகில் பதிந்திருந்தது யோன்ஸின் முத்திரைதான். ஆனால் கையில் எடுத்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மெல்லிய இரும்புக்கு நடுவே எஃகை வைத்து அடித்து, முனைவரை அப்படி ஒரே சீராகத் தேய்க்கிறவன் மோரா வட்டாரத்திலேயே ஒருத்தன்தான். அடுத்த பட்டறை ஹால்வார்.

"என் முத்திரையைப் போலியா வெட்டி வச்சுக்கிட்டு, என் பேர்ல வித்திருக்கான். சும்மா விடுவேனா?"

விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த அத்தனை பேர் முன்னாலும் ஹால்வாரைத் திருடன் என்று சொல்லிவிட்டான். ஹால்வார் கத்தியை வாங்கிப் பார்த்தான். இதைச் செய்தது நீதானா என்று பாதிரியார் கேட்டதற்கு, ஆமாம் என்றான். முத்திரை ஏது என்று கேட்டதற்கு மட்டும் பதிலே இல்லை. அதன்பிறகு அவனிடம் யாரும் கத்தி வாங்கவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துருத்தியையும் பட்டடையையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சுவீடனே வேண்டாம் என்று, அமெரிக்கக் கப்பலைப் பிடிக்க ஏரிப் படகில் ஏறிவிட்டான்.

யோன்ஸும் ஹால்வாரும் ஒன்றாகத் தொழில் பழகியவர்கள். மாரிட்டைப் பெண் கேட்க யோன்ஸோடு துணைக்குப் போனவனே ஹால்வார்தான்.

"தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். மனசு கேக்காம படகுத்துறைக்குக்கூடப் போனேன்."

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"'மாரிட் வந்ததும் நான் விசாரிச்சதா சொல்லு, அவளைத் திட்டாதே'ன்னான். உன்னை நான் எதுக்குத் திட்டணும்? எனக்கு ஒண்ணும் புரியல."

மாரிட் தலைத்துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"போன குளிர்காலத்துல நீங்க காய்ச்சல்ல பல வாரம் நினைவில்லாம கிடந்தீங்களே, கத்தி போகலைன்னா வியாபாரி கைவிட்டுடுவாரேன்னு உங்க முத்திரையை எடுத்துட்டுப் போய் அண்ணன் கால்ல விழுந்தது நான்தான். 'செஞ்சு தர்றேன், ஆனா யோன்ஸுக்கு மட்டும் தெரியவே கூடாது, ரோஷக்காரன், தாங்க மாட்டான்'னு என்கிட்ட சத்தியம் வாங்கினது அவர்."