நீலம் பாய்ந்த நுனி

கல்லில் இந்தப் பக்கம் இருபது தேய்ப்பு, அந்தப் பக்கம் இருபது. கத்தி தீட்டக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சொன்னபடி ஒரு மாதம் தீட்டியும் குணாளனின் மடக்குக் கத்தி தக்காளித் தோலில் வழுக்கியது. இன்னும் நாலு நாளில் கூர் வந்துவிடும் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தான். அன்று வேலைவிட்டு வந்ததும் மனைவி பூங்கோதை கத்தியை நீட்டினாள்.

“சாணைக்காரர் வந்தாருங்க. ரெண்டே நிமிஷம்! நீங்களுந்தான் ஒரு மாசமா அதைத் தடவிக்கிட்டு இருந்தீங்க.”

அவன் அறுத்துப் பார்த்தான்; தக்காளி காகிதம்போல் மெல்லிய சீவல்களாக விழுந்தது. கத்தியின் நுனியில் சாணைச் சக்கரத்தின் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. அப்படி வெந்த இரும்பில் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

“எப்படி?” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

நீலத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, “நல்லா இருக்கு” என்றான்.

“அப்ப இனிமே கிளாசுக்குப் போக வேணாமில்ல?”

அவன் இன்னொரு தக்காளியை எடுத்தான்.