பீன்ஸ் எப்போது போடணும்?

காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியும் நசீபா கட்டிலை விட்டு இறங்கவில்லை. நடந்தால்தான் தெம்பு வரும் என்று டாக்டர் சொல்லியும் பயந்து படுத்தே கிடந்தாள். அன்று அவள் கணவர் ஷௌகத் அலி ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினார்.

"நசீபா, வெங்காயம் முதல்லயா, பீஃப் முதல்லயா?"

"வெங்காயம்தான் மச்சான்! வெந்த பீஃபுக்கு என்ன அவசரம்?"

"பீன்சும் கேரட்டும் இப்பவே போட்டுரவா?"

"அல்லா! குழைஞ்சுரும். கடைசியில போட்டு ரெண்டு கிளறு கிளறுங்க, போதும்."

"ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டேனே!"

சுவரைப் பிடித்துக்கொண்டு நசீபா அடுக்களைக்கே வந்துவிட்டாள். சட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பீஃப் பதமாக முறுகிக்கொண்டிருந்தது.

"இருபது வருஷமா ஹோட்டல்ல பீஃப் வறுக்கிற மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாதாக்கும்!"

ஷௌகத் அலி அசடு வழிந்தார். "தெரிஞ்சேதான் எழுந்து வந்தியா?"

"நீங்க இந்தப் பாடு படும்போது படுத்துக் கிடக்க முடியுமா? தள்ளுங்க, பீன்ஸ நான் போடுறேன்."