கடைசிப் பந்தி

"மேயர் சாப்பிடாமலே போயிட்டாராம்லா!"

ரசம் பந்திக்கு வருவதற்குள் சேதி மலேசியாவின் ஈப்போ நகரில் அந்தக் கல்யாண மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது.

மணப்பெண்ணின் அப்பா கனகராஜுக்கு முகம் தொங்கிப்போனது. மேயர் அப்பாவுவும் அவரும் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒன்றாகப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். அப்பாவு சிவப்புக் கொடி பிடித்துத் தொழிற்சங்கம் தொடங்கியபோது முதல் உறுப்பினர் கனகராஜ்தான். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. கொடி பிடித்தவர் மறியல், சிறை, அரசியல் என்று ஏறி இறங்கி, இப்போது மேயர் நாற்காலியில் இருக்கிறார்.

அதனால்தான் மகள் தினேஸ்வரியின் கல்யாணத்தில் மேடைக்கு நேர் எதிரே, பட்டு விரித்து ஒரு தனி மேசை. "மேயர் கை வச்ச பிறகுதான் மத்தவங்களுக்குப் பரிமாறணும்" என்று சமையல்காரருக்குக் கண்டிப்பான உத்தரவு.

மேயர் வந்ததோ ஒன்றரை மணி நேரம் தாமதமாக. எங்கோ வெள்ளமாம். மணமக்களை வாழ்த்தியவர், வெற்று இலைக்கு முன்னால் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னும் யாரும் சாப்பிடலையா?"

"நீங்க ஆரம்பிச்சாத்தானே டத்தோ!" என்று கனகராஜ் மைக்கிலேயே சொன்னார்.

அரசாங்கம் கொடுக்கும் அந்த டத்தோ பட்டமே வேண்டாமென்று சொல்லிவிட்ட மனிதர் அப்பாவு. ஆனாலும் டத்தோ என்று கூப்பிட்டால் கூப்பிடுகிறவருக்கும் கொஞ்சம் உயரம் கூடுகிறதே!

"பரிமாறச் சொல்லுப்பா. எனக்கு வேலை இருக்கு, வாரேன்."

போயே விட்டார்.

"பதவி வந்தா பழசெல்லாம் மறந்துடும்லா" என்றார் சம்பந்தி.

கனகராஜ் மனைவி புஷ்பலதாவிடம் பொருமினார். "என் மக கல்யாணத்துல கை நனைக்காம போயிட்டான். முப்பத்தஞ்சு வருசப் பழக்கம் இன்னையோட தீர்ந்துச்சு. இனி அவன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"அவர் சம்சாரம் செத்ததிலேருந்து நீங்க எப்ப மிதிச்சீங்க?"

கனகராஜ் அடுத்த பந்தியைக் கவனிக்கப் போனார்.

மூன்று மணிக்கு மண்டபம் காலி. மிச்சச் சோற்றைப் பார்க்கச் சமையல்கட்டின் பின்பக்கம் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

பாத்திரம் கழுவும் வீரம்மாவுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட சோடாப் பெட்டியில் உட்கார்ந்து, அண்டாவின் அடிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் மேயர். காரும் இல்லை, டிரைவரும் இல்லை.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா கனகு?"

கனகராஜுக்குப் பழக்கமான கேள்வி அது. தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நாற்பது நாள் ஒரே அண்டாச் சமையல். அன்றும் இதே கேள்விதான். "ஆச்சு" என்று பதில் வரும்வரை இந்த மனுசன் தட்டைத் தொட்டதில்லை. அண்டா காலியாகி, வெறும் வயிற்றோடு படுத்த நாளும் உண்டு.

"அதுக்காக, இங்க வந்தா..."

வீரம்மா முந்திக்கொண்டாள். "இந்த அண்ணன் எல்லாக் கல்யாணத்துலயும் இப்படித்தான் சார். எல்லாரும் போன பிறகு வந்து எங்களோட சாப்பிடுவாரு. வீட்டுல தனியா உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குதாம். பாவம், சொந்தம்னு யாருமில்ல போல."

கனகராஜ் பதறினார். "இவரு யாருன்னு தெரியுமா உனக்கு?"

"ஏன் தெரியாம? அப்பாவு அண்ணன்."

கனகராஜ் இன்னொரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"டேய் அப்பாவு, எனக்கும் போடுடா. நான் இன்னும் சாப்பிடல."