ஒருமுறையும் பாயாதது

நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பாய்வதற்கென்று தணிகாசலம் தன் இளமையைக் கொட்டி உருவாக்கிய ஏவுகணைக்கு அன்று ஓய்வு கொடுத்தார்கள். அதைவிடத் தூரம் போகும் புதியது வந்துவிட்டது. வெடிமருந்தை எடுத்துவிட்டு, பழையதில் ஒன்றைக் கடற்படைத் தளத்தின் வாசலில் நிறுத்தி மாலை போட்டார்கள்.

விழாவுக்கு மரியபுஷ்பமும் வந்திருந்தாள். முதல் சோதனையில் கடலுக்குள் விழுந்த மாதிரி ஏவுகணையைத் தேடி மூழ்கிய அவள் கணவன் சேவியர் மேலே வரவேயில்லை. தணிகாசலம்தான் ஆள் அனுப்பி அவளை அழைத்திருந்தார். ஏன் அழைத்தோம் என்று இப்போது தவித்தார்.

அவள் ஏவுகணையை அண்ணாந்து பார்த்தாள்.

“சார், இத யாரு மேலயும் விட்டதே இல்லியா?”

“இல்லம்மா. விடாம இருக்கணும்னுதான் செஞ்சோம். இது கடலுக்கடியில இருக்குன்னு தெரிஞ்சாலே எவனும் கிட்ட வரமாட்டான்.”

அவள் தலையாட்டினாள்.

“நல்லதாப் போச்சு சார். இதால ஒரு உசுரும் போகல.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மெல்ல நகர்ந்து, உச்சிவெயிலில் காய்ந்து நின்ற அந்த உலோகத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டிருக்கும். கையை எடுக்கவில்லை.