ஆக்கியவர்

“என்ரை பேரையும் போடுங்கோ, சேர்.” இரவல் மடிக்கணினியில் வேலை செய்துவிட்டு உரிமை கேட்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னதை, குருநகர் வீட்டின் முதல் பட்டதாரியாகப்போகும் ஜெனிற்றா மீறிவிடுகிறாள். வகுப்புச் சுவரில், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரித் திறக்கும் மீன் ஏலச் செயலி ஒளிர்கிறது. ‘ஆக்கியவர்’ என்ற பெட்டியில் சக மாணவன் றஜிந்தனின் பெயர் மட்டும். கணினி அவனுடையது, முக்கால்வாசி நிரல் அவளுடையது.

“அவ சொல்லுறது சரி, சேர்,” என்று றஜிந்தன் பெயரை மாற்ற நிரலைத் திறக்கிறான். செயலி ஓடும்போது தெரியாத, வரிகளுக்கிடையே அவள் தனக்கென்று எழுதிவைத்த குறிப்புகள் சுவரில் ஆளுயரத்துக்கு எழுகின்றன. ‘இதை மொக்கன் றஜி தொடக்கூடாது.’ ‘மொக்கனுக்கு விளங்காது.’ பின்வரிசை வாங்கில் சிரிப்பு வெடிக்கிறது. “டேய் மொக்கா, உன்னைத்தான்ரா!” யன்னல் சீலை விலகி, வெயில் அந்த எழுத்துகளை வெளிறவைத்துத் திரும்ப மூடுகிறது. “நான் போன கிழமையே பாத்திட்டன்,” என்கிறான் றஜிந்தன் மெல்ல. அதற்குப் பிறகும் அவன் நாள்தோறும் கணினிக்குச் சார்ஜ் ஏற்றி அவளிடம் நீட்டியிருக்கிறான். அவளுடைய காதுமடல்கள் கொதிக்கின்றன. அவன் பக்கம் கண் திரும்ப மறுக்கிறது.

“உதுகளை அழிச்சுவிடுவமே, பிள்ளை?” என்கிறார் சேர்.

“வேண்டாம். பேரைப் போடுங்கோ. உந்த வரியளையும் நான்தான் எழுதினனான்,” என்றபடி அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடக்கிறாள்.