ஏரியின் மேல் இல்கா

மொழிபெயர்ப்பாளர் வரவேண்டிய ரயில் வழியில் எங்கோ நின்றுவிட்டது. பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் வெளிநாட்டு எழுத்தாளர் தன் நாவலின் கடைசி அத்தியாயத்தைத் தன் மொழியிலேயே வாசிக்கத் தொடங்கினார். வரவேற்பில் போர்த்திய பொன்னாடையைக் கழற்றலாம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பின்வரிசைகள் டீக்கடைப் பக்கம் நகர்ந்தன.

முன்வரிசையில் இருந்த மாணவி பர்வீன் மேடைக்கு ஓடினாள். "சார், நான் தமிழ்ல சொல்றேன்."

"அந்தப் பாஷை உனக்குத் தெரியுமாம்மா?" என்றார் ஒருங்கிணைப்பாளர் குமரகுரு.

"தெரியாது சார். ஆனா இந்த நாவல் தமிழ்ல எனக்கு மனப்பாடம். இல்கான்னு குதிரை பேரு வருதுல்ல, அதை வச்சுப் பிடிச்சுக்குவேன்."

"தப்பாச்சுன்னா மானம் போயிடும்மா."

"இப்பவே பாதிப் பேர் போயிட்டாங்க சார்."

மைக் கைக்கு வந்தது. எழுத்தாளர் ஒரு பத்தி வாசித்து நிறுத்துவார், அவள் சொல்வாள். லாயக்காரன் கதவைத் திறந்தான். உறைந்த ஏரியின் கரையில் இல்கா தயங்கி நின்றது. டீ கிளாஸ்களோடு ஆட்கள் திரும்பி வந்தார்கள். "இல்கா முதல் காலைப் பனியின்மேல் வைத்தது" என்றாள். அவள் மனப்பாடம் செய்த தமிழ் மொழிபெயர்ப்பு அந்த வரியோடு முடிந்துவிடும்.

ஆனால் எழுத்தாளர் பக்கத்தைப் புரட்டித் தொடர்ந்து வாசித்தார். இல்கா என்ற பெயர் இரண்டு முறை வந்தது, இரண்டாம் முறை மிக மெதுவாக. பிறகு பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

பர்வீனுக்குப் பாதங்கள் சில்லிட்டன. அவள் படித்த கடைசி வரிக்கு அப்பாலும் அந்த ஏரி இருந்திருக்கிறது. அரங்கில் ஒருவரும் அசையவில்லை. காலுக்கடியில் ஏதோ மெல்ல விரிசல் விடும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"இல்கா நிற்கவில்லை" என்றாள்.